சைக்கிளின் பின் டெறெயிலரைப் பொருத்திச் சரிசெய்தல்: வன்னி வீதிகளுக்கான முழுமையான வழிகாட்டி

வன்னி சமதரையான நிலம். மேடுபள்ளம் இல்லாத ஊரில் கியர் சைக்கிள் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பரந்தனிலிருந்து பூநகரிக்குப் போகும் வீதியில், வயல்வெளிக்கு நடுவே மறைப்பு எதுவும் இல்லாமல் சோளகக் காற்று முகத்தில் அடிக்கும் மாதங்களில் மிதித்துப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். இங்கே கியர் தேவைப்படுவது எதிர்க்காற்றுக்காகவும், சில்லுப் புதையும் மணல் ஒழுங்கைகளுக்காகவும், பின் கரியரில் கட்டிய நெல் மூட்டைக்காகவும், தம்பியையோ தங்கையையோ ஏற்றிக்கொண்டு பல கிலோமீற்றர் தூரத்துப் பாடசாலைக்கு மிதிக்கும் பிள்ளையின் முழங்காலுக்காகவும்தான்.

அப்படியிருந்தும், கியர் சைக்கிள் வாங்கி ஒன்றிரண்டு மாரி கழிவதற்குள், செயினைப் பின் பற்சக்கரங்களுக்கிடையில் நகர்த்தும் டெறெயிலரைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, செயினை வெட்டிக் குறுக்கி, ஒரே பல்லில் ஓட்டிக்கொண்டிருக்கும் பலரைக் காணலாம். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அந்த டெறெயிலர் பழுதடைந்திருக்கவில்லை. அதைப் பிரேமில் தாங்கும் ஹாங்கர் என்ற தகடு சிறிது உள்ளே வளைந்திருக்கும், அல்லது கேபிள் உறைக்குள் துரு ஏறியிருக்கும். அந்த இரண்டையும் பார்க்காமல் கண்ணில் பட்ட திருகாணிகளையெல்லாம் மாறிமாறித் திருப்பியதால் நிலைமை கைமீறிப் போயிருக்கும். இந்த வேலையில் திறமையை விட ஒழுங்குமுறை முக்கியமானது. ஹாங்கர், பொருத்துதல், செயின், வெளி எல்லை, கேபிள், உள் எல்லை, கிளிக் சீராக்கம், கப்பி இடைவெளி என்ற வரிசையில் செய்தால் வீட்டு முற்றத்திலேயே ஒரு காலைப் பொழுதுக்குள் முடித்துவிடலாம். வரிசையை மாற்றினால் நாள் முழுவதும் திருப்பினாலும் முடியாது.

சரியான பாகத்தை வாங்குதல்

கடைக்குப் போகும் முன் பின் சில்லில் எத்தனை பற்சக்கரங்கள் இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் ஓடும் கியர் சைக்கிள்களில் பெரும்பாலானவை பின்னால் 6 அல்லது 7 சக்கரங்கள் கொண்டவை. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் 6, 7, 8 கியர் டெறெயிலர்கள் பொதுவாகக் கேபிள் ஒரு மில்லிமீற்றர் இழுபட்டால் தாங்கள் ஏறத்தாழ 1.7 மில்லிமீற்றர் நகரும் வகையில் அமைந்தவை. ஆகவே அவற்றுள் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் போடலாம். ஒவ்வொரு கிளிக்குக்கும் எவ்வளவு கேபிள் இழுபட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கைப்பிடியிலுள்ள கியர் லீவரே. ஸ்ராம் நிறுவனத்தின் சொந்த அமைப்பிலான டெறெயிலர்களின் விகிதம் வேறு என்பதால், அவற்றை ஷிமானோ லீவரோடு சேர்த்துப் போட்டால் எவ்வளவு திருப்பினாலும் கியர் ஒழுங்காக விழாது. வெளிநாட்டிலிருந்து இறக்கப்பட்ட பழைய சைக்கிளுக்குப் பாகம் தேடுபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது கூட்டின், அதாவது செயின் ஓடும் இரண்டு சிறு பற்சக்கரங்களான கப்பிகளைத் தாங்கும் தகட்டின் நீளம். முன் பற்சக்கரங்களில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள பல் வித்தியாசத்தையும், பின்னால் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தையும் கூட்டினால் வருவது டெறெயிலர் சுருட்டிப் பிடிக்க வேண்டிய செயினின் அளவு. முன்னால் 42, 34, 24 பற்களும் பின்னால் 14 முதல் 28 வரையும் இருந்தால், 18 உடன் 14 ஐக் கூட்ட 32 வரும். வாங்கும் டெறெயிலரின் கொள்ளளவு இந்த எண்ணுக்குக் குறையக் கூடாது; அது தாங்கக்கூடிய மிகப் பெரிய பின் பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கையும் உங்களுடையதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும். முன்னால் மூன்று சக்கரம் இருந்தால் நீளமான கூடுள்ளதை வாங்குவதே பாதுகாப்பானது.

மூன்றாவதாக, அது எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பாருங்கள். சில பிரேம்களில் பின் அச்சுக்குக் கீழே திருகுப்புரி வெட்டிய துளையுடன் ஒரு தகடு நீண்டிருக்கும், அதுவே ஹாங்கர். விலை குறைந்த பிரேம்கள் சிலவற்றில் அது இருக்காது. அவற்றுக்கு, அச்சு நட்டோடு சேர்த்து இறுக்கும் கொளுவி பொருத்திய டெறெயிலரைக் கேட்டு வாங்க வேண்டும். கடையில் பெயர் சொல்லத் தடுமாறத் தேவையில்லை. பின் கியர் என்று சொன்னாலே எடுத்துத் தருவார்கள். பழையதைக் கையில் கொண்டு போவது இன்னும் நல்லது.

கருவிகள்

5 மில்லிமீற்றர் அலன் கீ, சிலுவை முனையுள்ள நல்ல ஸ்குறூ டிறைவர், பழைய மாதிரிகளின் கேபிள் நட்டுக்கு 9 மில்லிமீற்றர் ஸ்பனர், செயின் ஆணியைத் தள்ளும் கருவி, கூர்மையான கேபிள் வெட்டி, குறடு, அளவு நாடா, கொஞ்சம் கிறீஸ், துடைக்கத் துணி ஆகியவை போதும். ஸ்குறூ டிறைவரின் முனை தேய்ந்திருந்தால், டெறெயிலரின் ஓட்டத்தை இரு ஓரத்திலும் தடுக்கும் எல்லைத் திருகாணிகளின் தலை வழுக்கிக் கெட்டுவிடும். அவை மிகச் சிறியவை. ஒருமுறை தலை கெட்டால் திருத்துவது சிரமம்.

சைக்கிளின் பின் சில்லு நிலத்தில் படாமல் சுழல வேண்டும். முற்றத்து மாமரக் கிளையில் கயிறு கட்டி இருக்கையைத் தூக்கித் தொங்கவிட்டால் அது நல்ல ஸ்டாண்டாகிவிடும். கைப்பிடியும் இருக்கையும் நிலத்தில் படும்படி தலைகீழாகக் கவிழ்த்து வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. அந்த நிலையில் லீவரை இயக்குவதும் டெறெயிலரை நேராகப் பார்ப்பதும் கடினம்.

முதலில் ஹாங்கரைப் பாருங்கள்

பழைய டெறெயிலரைக் கழற்ற, கேபிள் நுனியின் மூடியை வெட்டி, கேபிளைப் பிடிக்கும் ஆணியைத் தளர்த்தி, செயினைப் பிரித்து, கடைசியாகப் பொருத்தும் ஆணியை இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்றுங்கள். பின் சில்லின் அச்சு இரு பக்கமும் பள்ளத்தின் அடிவரை உட்கார்ந்திருக்கிறதா, சில்லு பிரேமின் நடுவில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். சில்லே சரிந்திருந்தால் அதற்குப் பின்னால் செய்யும் ஒவ்வோர் அளவும் பிழையாகிவிடும்.

இனி ஹாங்கர். சைக்கிள் வலப்பக்கமாக விழும்போதும், பஸ்ஸில் மற்றச் சாமான்களோடு நெரிபடும்போதும், பாடசாலைச் சைக்கிள் கொட்டகையில் ஒன்றன்மேல் ஒன்று சாயும்போதும் முதலில் அடி வாங்குவது டெறெயிலர். அந்த அடியை ஏற்று வளைவது ஹாங்கர். வளைவு மிகச் சிறியதாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 7 கியர் சைக்கிளில் ஒரு பற்சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு உள்ள தூரமே 5 மில்லிமீற்றர்தான். ஹாங்கர் வளைந்தால் கப்பிகள் பற்சக்கரங்களுக்குச் சரிவாக நிற்கும். அப்போது சிறிய பற்களில் சரிசெய்தால் பெரிய பற்களில் பிசகும். பெரியவற்றில் சரிசெய்தால் சிறியவற்றில் பிசகும். திருகாணிகளை நாள் முழுவதும் திருப்பவைக்கும் மூலகாரணம் இதுவே.

இதை அளக்கத் தனிக் கருவி உண்டு; ஆனால் எங்கள் ஊர்களில் அது எளிதில் கிடைக்காது. அதற்குப் பதிலாக நல்லதொரு வழி இருக்கிறது. ஹாங்கரின் துளை 10 மில்லிமீற்றர் விட்டமும் 1 மில்லிமீற்றர் புரி இடைவெளியும் கொண்டது. விரைவில் கழற்றும் நெம்பு கொண்ட பின் சில்லுகளின் துளையுள்ள அச்சும் பொதுவாக இதே புரியையே கொண்டிருக்கும். அத்தகைய வேறொரு சில்லின் நெம்புக் கம்பியை உருவிவிட்டு, அதன் அச்சு நுனியை ஹாங்கரின் துளைக்குள் கையால் மெதுவாகத் திருகி ஏற்றுங்கள். கையால் ஏறாவிட்டால் அது வேறு புரி; பலவந்தப்படுத்தக் கூடாது. ஏறிவிட்டால் சைக்கிளின் பின் சில்லுக்குப் பக்கத்தில் இரண்டாவது சில்லு ஒன்று நிற்கும். இரண்டு றிம்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை மேலே, கீழே, முன்னே, பின்னே என நான்கு இடத்திலும் அளவு நாடாவால் அளவிடுங்கள். நான்கு அளவுகளுக்கும் இடையில் 4 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் ஹாங்கர் நேராக இருக்கிறது.

வித்தியாசம் கூடுதலாக இருந்தால் திருத்த வேண்டும். இரும்புப் பிரேமாயின், பொருத்திய அந்தச் சில்லையே நெம்பாகப் பயன்படுத்தி, தூரம் குறைந்த பக்கத்தைச் சிறிது சிறிதாக வெளியே இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் மறுபடி அளந்து நேராக்கலாம். அலுமினியப் பிரேமில் ஹாங்கர் தனித் துண்டாகத் திருகாணியால் பூட்டப்பட்டிருக்கும். அதை மிகச் சிறிய அளவுக்கு ஒருமுறை நேராக்கலாம். திரும்பத் திரும்ப வளைத்தால் வெடித்துவிடும். வெடிப்புக் கோடு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். அந்தத் துண்டுகள் பிரேமுக்குப் பிரேம் வேறுபடுவதால் முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ நினைத்தவுடன் ஒத்ததைக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். புதிய அலுமினியச் சைக்கிள் வாங்கும்போதே மேலதிகமாக ஒரு ஹாங்கரையும் கேட்டு வாங்கி வைப்பது நான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்லும் ஒன்று.

1990களில் வன்னிக்கு எரிபொருள் வராதிருந்த காலத்தில் சைக்கிளே மக்களின் முதன்மையான வாகனமாக இருந்தது. அப்போது ஹப்பைப் பிரித்துக் குண்டு மாற்றவும், ஸ்போக் கம்பியை இறுக்கி றிம்மின் கோட்டம் எடுக்கவும் பழகியவர்கள் இன்றும் ஊர்களில் இருக்கிறார்கள். கியர் தங்களுக்குத் தெரியாத புதுவேலை என்று அவர்கள் ஒதுங்குவதுண்டு. ஆனால் கோட்டம் எடுக்கப் பழகிய கண்ணுக்கு ஹாங்கரின் வளைவு மற்றவர்களை விட விரைவாகப் பிடிபடும். மனத்துணிவோடு அவர்களிடம் கொண்டு போகலாம்.

பொருத்துதல்

ஹாங்கரின் புரியைத் துணியால் துடைத்துச் சிறிது கிறீஸ் பூசுங்கள். டெறெயிலரை அதன் இறுதி நிலையை விடச் சற்றுப் பின்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, ஆணியைக் கைவிரலால் முதல் மூன்று சுற்றுக்களும் திருப்புங்கள். பின்னால் சாய்த்துப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு: மேலே நீண்டிருக்கும், கப்பிக்கும் பற்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை மாற்றும் ‘பி’ திருகாணியின் நுனி ஹாங்கரின் பின்புறத்தில் உள்ள சிறு படிக்குப் பின்னால் வந்து உட்கார வேண்டும். அதைக் கவனிக்காமல் இறுக்கினால் அந்தப் படியோ டெறெயிலரின் காதோ நசுங்கும். புரி குறுக்காக ஏறினால் விரலிலேயே இறுக்கம் தெரியும். உடனே கழற்றி மறுபடி தொடங்குங்கள். கடைசியாக அலன் கீயால் 8 முதல் 10 நியூற்றன் மீற்றர் வரை இறுக்க வேண்டும். விசை அளக்கும் கருவி இல்லாதவர்கள், சாதாரண அலன் கீயின் நீண்ட கையைப் பிடித்து ஒரு கையால் உறுதியாக இறுக்கினால் போதும். குழாய் மாட்டி நெம்பக் கூடாது.

கொளுவி உள்ள வகையாயின், கொளுவியை அச்சுப் பள்ளத்துக்குள் முழுமையாகத் தள்ளி, அதன் சிறு திருகாணியை இறுக்கி, பிறகு சில்லை நேராக வைத்து அச்சு நட்டை இறுக்குங்கள்.

செயின்

தேய்ந்த செயினில் புதிய டெறெயிலர் ஒழுங்காக வேலை செய்யாது. செயினின் ஒரு ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். ஆகவே 24 இடைவெளிகளை இழுத்துப் பிடித்து அளந்தால் புதிய செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12 அங்குலத்தை விட 1.6 மில்லிமீற்றர் கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 3 மில்லிமீற்றர் அளவுக்குக் கூடியிருந்தால் பின் பற்சக்கரத் தொகுதியையும் மாற்ற வேண்டியிருக்கும். பாடசாலைப் பிள்ளைகளின் 30 சென்ரிமீற்றர் அடிமட்டம் இதற்குச் சற்றுக் குட்டை. அங்குலக் கோடுள்ள அளவு நாடாவே உகந்தது.

புதிய செயினின் நீளத்தைத் தீர்மானிக்க, அதை டெறெயிலருக்குள் விடாமல், முன்னால் மிகப் பெரிய பற்சக்கரத்தின் மேலும் பின்னால் மிகப் பெரிய பற்சக்கரத்தின் மேலும் சுற்றி இழுத்துப் பிடியுங்கள். இரு நுனிகளும் சந்திக்கும் இடத்திலிருந்து மேலும் ஒரு அங்குலம், அதாவது ஓர் உட்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும் கூட்டி வெட்டுங்கள். குறைந்துவிட்டால், யாரேனும் தவறுதலாகப் பெரிய சக்கரம் இரண்டிலும் போடும்போது டெறெயிலர் பிய்ந்துவிடும்.

செயின் பின் பற்சக்கரத்திலிருந்து இறங்கி, மேல் கப்பியின் முன்பக்கமாகச் சென்று, பின் கீழ்க் கப்பியின் பின்பக்கமாகச் சுற்றி முன்னால் போக வேண்டும். பல மாதிரிகளில் இரு கப்பிகளுக்கும் நடுவில், கூட்டின் தகட்டிலிருந்து ஒரு சிறு நாக்கு நீண்டிருக்கும். செயின் அதன் மீது உரசாமல் கப்பிகளின் பக்கமாகப் போகிறதா என்று பாருங்கள். மிதிக்கும்போது கரகரவென்று ஒரே சீரான சத்தம் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த நாக்கைத்தான்.

மேல் கப்பியைத் தொட்டால் பக்கவாட்டில் சிறிது ஆடும். பலர் இதைத் தேய்மானம் என்று நினைத்து மாற்றிவிடுகிறார்கள். ஷிமானோவின் கிளிக் முறை டெறெயிலர்களில் அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. கப்பி தானாகவே பற்சக்கரத்தின் நேருக்கு நகர்ந்துகொள்ள அது உதவுகிறது. கீழ்க் கப்பிக்கு அந்த ஆட்டம் தேவையில்லை. சுத்தம் செய்யக் கழற்றினால் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டாதீர்கள்.

வெளி எல்லை

கேபிளைப் பூட்டும் முன்பே இதைச் செய்ய வேண்டும். கேபிள் இல்லாத நிலையில் சாதாரண டெறெயிலரின் ஸ்பிறிங் அதை வெளிப்பக்கமாக, மிகச் சிறிய பற்சக்கரத்தை நோக்கித் தள்ளியிருக்கும். ‘எச்’ என்ற எழுத்துப் பொறித்த திருகாணி அந்த வெளிப்பக்க ஓட்டத்தைத் தடுக்கிறது. சைக்கிளின் பின்னால் குந்தியிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். மேல் கப்பியின் நடுக்கோடு மிகச் சிறிய பற்சக்கரத்தின் வெளி விளிம்புக்கு நேர்கீழே நிற்க வேண்டும். உள்ளே நகர்த்த வலப்பக்கமாகவும், வெளியே விட இடப்பக்கமாகவும் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். அதிகம் வெளியே விட்டால் செயின் பற்சக்கரத்துக்கும் பிரேமுக்கும் இடையில் விழுந்து சிக்கும். போதாமல் விட்டால் சிறிய சக்கரத்துக்கு இறங்கவே இறங்காது.

கேபிளும் உறையும்

கியர் கேபிளின் தடிப்பு பொதுவாக 1.2 மில்லிமீற்றர், பிறேக் கேபிள் அதை விடத் தடிப்பானது. உறையும் வேறு. பிறேக் உறைக்குள் கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். கியர் உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். பிறேக் உறை இழுவிசையில் சிறிது அமுங்கும் என்பதால் அதைக் கியருக்குப் போட்டால் கிளிக் ஒருபோதும் நிலைக்காது. கேபிளில் 1 மில்லிமீற்றர் பிசகினால் டெறெயிலர் 1.7 மில்லிமீற்றர் விலகும். 5 மில்லிமீற்றர் இடைவெளியில் அது மூன்றில் ஒரு பங்கு.

1984ஆம் ஆண்டில் ஷிமானோ தனது டூரா-ஏஸ் என்ற கியர் தொகுதியில் கிளிக் முறையைக் கொண்டுவருவதற்கு முன்னர், பொதுவாக ஓட்டுபவரே காதால் கேட்டு லீவரைச் சிறிது முன்பின் நகர்த்திச் சத்தத்தை நிறுத்திக்கொள்வார். கிளிக் முறையில் அந்தச் சுதந்திரம் இல்லை. லீவர் நிற்குமிடத்தில்தான் டெறெயிலரும் நிற்கும். கேபிள் சுத்தமாக ஓட வேண்டிய கட்டாயம் இதனால்தான்.

உறையைக் கூர்மையான வெட்டியால் நேராக வெட்டி, நசுங்கிய வாயை அரத்தால் தேய்த்து, உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் குழாயைத் தையல் ஊசியால் விரித்துவிடுங்கள். பின் பிரேமிலிருந்து டெறெயிலருக்கு வளைந்து போகும் கடைசித் துண்டு மிகவும் குட்டையாகவோ, நிலத்தை நோக்கித் தொங்கும் அளவுக்கு நீளமாகவோ இருக்கக் கூடாது. மாரியில் கேபிள் வழியாக வழிந்து வரும் நீரும், சில்லு வாரியடிக்கும் சேறும் தங்கும் இடம் அந்த வளைவே. கியர் இறுகிப்போன சைக்கிளில் வேறெதையும் தொடும் முன் அந்தத் துண்டிலிருந்து கேபிளை உருவிப் பாருங்கள். பெரும்பாலும் கேபிள் செம்மண் நிறத் துருவோடு வெளியே வரும். அந்த ஒரு சாண் உறையையும் கேபிளையும் மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பூட்டும்போது லீவரை மிக உயர்ந்த எண்ணில், 7 கியராயின் 7 இல் வையுங்கள். கேபிள் டெறெயிலருக்குள் நுழையும் இடத்தில் கையால் திருப்பும் உருளைத் திருகு இருக்கும். அதை முழுவதும் உள்ளே திருப்பிவிட்டு, பிறகு ஒரு சுற்று வெளியே எடுங்கள். கேபிளைக் கையால் இறுக இழுத்து, ஆணியின் கீழுள்ள பள்ளத்துக்குள் அமர்த்தி, 5 முதல் 7 நியூற்றன் மீற்றர் விசைக்கு இறுக்குங்கள். பள்ளத்தை விட்டு வெளியே பிடித்தால் இழுவிகிதமே மாறிவிடும். மிஞ்சிய கேபிளை ஐந்து சென்ரிமீற்றர் அளவு விட்டு வெட்டி மூடி போடுங்கள். மூடி கிடைக்காவிட்டால் வானொலி திருத்துபவரிடம் கொடுத்து நுனியில் சிறிது ஈயம் பற்றவைத்துக்கொள்ளலாம். பிரிந்த கேபிள் நுனி விரலையும் கிழிக்கும், அடுத்த முறை உறைக்குள்ளும் போகாது.

உள் எல்லை

இந்தப் படியில் கவனக்குறைவு கூடாது. ‘எல்’ திருகாணி டெறெயிலர் உட்பக்கமாக ஸ்போக் கம்பிகளை நோக்கி ஓடுவதைத் தடுக்கிறது. அது தளர்ந்திருந்தால் செயின் மிகப் பெரிய பற்சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்கில் விழும், அல்லது கூடே கம்பிகளுக்குள் புகுந்து சில்லைச் சடுதியாக நிறுத்தும். பாரம் ஏற்றி ஓடும்போது அப்படி நடந்தால் சைக்கிளுக்கு மட்டுமன்றி ஆளுக்கும் ஆபத்து.

மிதியைக் கையால் மெதுவாகச் சுழற்றிக்கொண்டு, ஒவ்வொரு கியராகப் பெரிய பற்சக்கரத்தை நோக்கி ஏற்றுங்கள். கடைசிச் சக்கரத்தில் மேல் கப்பி அதற்கு நேர்கீழே நிற்க வேண்டும். பெரிய சக்கரத்தில் செயின் நிற்கும்போது டெறெயிலரை விரலால் உள்நோக்கித் தள்ளிப் பாருங்கள். அது மேலும் நகர்ந்து கம்பியை நெருங்கினால் ‘எல்’ திருகாணியை வலப்பக்கமாக இறுக்குங்கள். செயின் பெரிய சக்கரத்துக்கு ஏற மறுத்தால் கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஏறாததற்குக் கேபிள் தளர்வும் காரணமாகலாம் என்பதால், தளர்த்தும் முன் கையால் தள்ளி ஏறுகிறதா என்று பார்த்து உறுதிசெய்யுங்கள்.

எல்லைத் திருகாணிகள் இரண்டும் இரு ஓரத்துச் சக்கரங்களுக்கு மட்டுமே உரியவை. நடுவிலுள்ள கியர்கள் பிசகும்போது அவற்றைத் தொடக் கூடாது.

கிளிக் சீராக்கம்

செயினை மிகச் சிறிய பற்சக்கரத்தில் வைத்து, மிதியைச் சுழற்றியபடி லீவரில் ஒரே ஒரு கிளிக் கொடுங்கள். செயின் உடனே இரண்டாவது சக்கரத்துக்கு ஏறி அமைதியாக ஓட வேண்டும். ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது. உருளைத் திருகை அதன் பின்னால் நின்று பார்க்கும்போது இடப்பக்கமாக அரைச் சுற்றுத் திருப்பிக் கேபிளை இறுக்குங்கள். மூன்றாவது சக்கரத்துக்குத் தாவினாலோ அதோடு உரசினாலோ வலப்பக்கமாகத் திருப்பித் தளர்த்துங்கள்.

விரலால் அழுத்தும் லீவர்களில் ஷிமானோ சொல்லும் நுணுக்கமான சோதனை ஒன்று உண்டு. செயின் இரண்டாவது சக்கரத்தில் ஓடும்போது, கிளிக் விழாத அளவுக்கு லீவரின் தளர்வு மட்டும் தீரும்வரை இலேசாக அழுத்துங்கள். அப்போது செயின் மூன்றாவது சக்கரத்தைத் தொட்டு மெல்லிய சத்தம் எழுப்ப வேண்டும். விரலை எடுத்தவுடன் சத்தம் நிற்க வேண்டும். அந்த நிலை கிடைக்கும்வரை கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். அதன் பின் எல்லாக் கியர்களுக்கும் ஏறி இறங்கிப் பாருங்கள். ஏறும்போது நன்றாகவும் இறங்கும்போது தாமதமாகவும் இருந்தால் திருகைத் தொடாதீர்கள். அது கேபிள் உறைக்குள் உராய்வு இருப்பதன் அடையாளம்.

கப்பி இடைவெளி

முன்னால் மிகச் சிறிய சக்கரத்திலும் பின்னால் மிகப் பெரிய சக்கரத்திலும் செயினைப் போட்டு, மேல் கப்பிக்கும் அந்தப் பெரிய சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பெரும்பாலான 6, 7, 8 கியர் டெறெயிலர்களில் 5 முதல் 6 மில்லிமீற்றர் இருந்தால் நல்லது. ‘பி’ திருகாணியை வலப்பக்கமாகத் திருப்பினால் கப்பி விலகும். இடப்பக்கமாகத் திருப்பினால் நெருங்கும். பெரிய சக்கரத்தில் கப்பியின் பற்கள் தட்டித் தட்டிச் சத்தமிட்டால் இடைவெளி போதாது. அளவுக்கு மிஞ்சி விலக்கினால் எல்லாக் கியர்களும் மந்தமாக விழும். இதை மாற்றியபின் கிளிக்கை இன்னொருமுறை சரிபார்க்க வேண்டும்.

வீதியில் ஓட்டிப் பார்த்தல்

தொங்கும் சைக்கிளில் சரியாக விழும் கியர், ஆள் ஏறி மிதிக்கும்போது பிசகலாம். முதலில் தார் வீதியிலும் பிறகு கிறவல் வீதியிலும் ஓட்டிப் பாருங்கள். கியர் மாற்றும் கணத்தில் மிதியின் அழுத்தத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். முழுப்பலத்தோடு மிதித்தபடி லீவரை அழுத்துவதால் செயினின் கண்ணிகளே கோணிப்போகும். புதிய கேபிளின் உறைகள் முதல் சில நாட்களில் தம் இடத்தில் அழுந்தி உட்காரும் என்பதால் கேபிள் சிறிது தளர்வது இயல்பு. அப்போது உருளைத் திருகை அரைச் சுற்று இறுக்கினால் போதும். கியர் கெட்டுவிட்டது என்று எண்ணி எல்லைத் திருகாணிகளுக்குக் கை போக வேண்டாம்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் கிறவல் வீதிகளில் கோடையில் எழும் செம்புழுதியே இந்த அமைப்பின் பெரிய எதிரி. பாவித்துக் கழித்த என்ஜின் ஒயிலைச் செயினில் ஊற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது; அதை நிறுத்த வேண்டும். அந்த ஒயில் புழுதியோடு குழைந்து அரைக்கும் களியாகி, கப்பியின் பற்களையும் செயினின் ஆணிகளையும் ஒருசேரத் தின்றுவிடுகிறது. தேங்காய் எண்ணெயும் நாளடைவில் பிசுபிசுத்துப் புழுதி பிடிக்கும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் செயினைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, புதிய ஒயிலை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு துளி மட்டும் விட்டு, மிதியைச் சில சுற்றுச் சுழற்றியபின் வெளியே தெரியும் ஒயிலை முழுவதும் துடைத்து எடுங்கள். உள்ளே இருக்கும் ஒயில்தான் வேலை செய்கிறது. ஐப்பசியில் மழை தொடங்கியபின் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக் காற்றும் சேர்வதால் ஆண்டு முழுவதும் கவனம் தேவை.

கப்பிகளின் பற்களுக்கிடையில் இறுகிய களியைச் சிறு குச்சியால் சுரண்டி எடுங்கள். டெறெயிலரின் நான்கு மூட்டு ஆணிகளுக்கும் மெல்லிய ஒயில் ஒவ்வொரு துளி விடுங்கள். சைக்கிளைக் கிடத்த நேர்ந்தால் எப்போதும் இடப்பக்கமாகவே கிடத்துங்கள். பஸ்ஸில் ஏற்றும்போது செயினை மிகப் பெரிய பின் பற்சக்கரத்துக்கு மாற்றிவிட்டால் டெறெயிலர் உள்ளே ஒதுங்கி நிற்கும்; அடிபடும் வாய்ப்புக் குறையும். ஆனால் இறக்கியவுடன் ஏறி மிதிக்காமல், பின்னால் குந்தியிருந்து கப்பிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்து, சில்லைக் கையால் சுழற்றி, மிகப் பெரிய சக்கரத்தில் கூடு ஸ்போக் கம்பிகளைத் தொடவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள்.